பச்சைக் கழுத்துப் புட்டிகள்

இல்லை, உங்கள் கடிதத்தில் கேட்டிருந்தீர்களே, புதிதாக வந்த அந்தக் கம்பெனிக் கலர் சோடா, அதை நான் குடிக்கவே இல்லை. திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு காப்பிக் கடையில் இன்று நான் கேட்டது, எங்கள் பக்கத்துத் தெரு ராக்காயி அக்காள் வீட்டிலேயே அடைத்து விற்கும் சோடாவை.

"இல்லம்மா. அடைக்கப் புட்டி இல்லேன்னு அந்தக்கா இன்னிக்குப் போடல," என்றார் கடைக்காரர்.

புட்டி எப்படி இருக்கும்? அக்காள் கழுத்தில் பச்சைச் சாயம் பூசி அடையாளம் வைத்த காலிப் புட்டிகளை, கடை வாசலில் கம்பெனி ஏஜெண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அது அவங்க புட்டியில்ல?"

கடைக்காரர் புது ஐஸ் பெட்டியைத் துடைத்தபடியே சொன்னார்: "இம்புட்டுப் பெரிய பெட்டியைக் கம்பெனிக்காரவுக சும்மாவா குடுப்பாக? கடையில சேர்ற காலிப் புட்டியெல்லாம் அவுகளுக்குன்னு பேச்சு."

"அப்ப அந்தக்கா எதுல அடைச்சுப் பிழைக்கிறது?"

ஏஜெண்டு சிரித்தான். "எங்க கலரைக் குடிச்சுப் பாருங்கம்மா. அந்தக்காவையே மறந்துருவீக."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கல்லூரிப் பாடத்தில் இதற்கு வியாபாரப் போட்டி என்று பெயர். உங்கள் ஊரில் என்ன பெயர், எழுதுங்கள்.

அவன் பார்க்கப் பார்க்க, வண்டியிலிருந்து பச்சைக் கழுத்துப் புட்டிகளில் ஆறை எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, அக்காள் வீட்டுக்கு நடந்தேன்.