வால்வில் நாலு சுற்று

எண்பதுகளில் நிலக்கோட்டைப் பக்கம் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்த மருமகள் வருகிறாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இனி ஃபியூஸ் போனால் ஆள் தேட வேண்டியதில்லை. கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே மாமியார் என் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்துவிட்டார். நானும் கூச்சப்படவில்லை. ஃபியூஸ் கட்டினேன். ரேடியோவைக் கழற்றி மாட்டினேன். அது முன்னைவிட மோசமாகக் கரகரத்தது. அதே மிதப்பில் கிணற்று மோட்டாருக்கும் நாட்டாமை ஆனேன்.

எங்களுக்கு ஒரு ஏக்கர் மல்லிகை. கார்த்திகைக் கடைசியில் கவாத்து வெட்டி, உரம் வைத்து, விடாமல் தண்ணீர் பாய்ச்சினால் பங்குனி முகூர்த்தத்துக்குப் பூ வந்துவிடும். கவாத்துக்குப் பிறகு தண்ணீர் தப்பினால் துளிர் கருகும். அப்புறம் அந்த வருஷம் செடியைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்திருந்தது. எட்டிப் பார்த்தால் முகம் தெரியும் அளவுக்குக் கிணறு நிறைந்து கிடந்தது. மோட்டார் ரூமுக்கு வெளியே, தண்ணீர் வரும் குழாயில் ஒரு வால்வு உண்டு. எங்கள் வாய்க்கால் மணல் வாய்க்கால், வேகமாக விட்டால் கரை உடையும். அதனால் என் வீட்டுக்காரர் மோட்டாரைப் போட்டதும் வால்வை எண்ணி நாலு சுற்று மூடிவிட்டு டீ குடிக்கப் போவார். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"ஏங்க, கழுத்தப் புடிச்சுக்கிட்டு ஓடச் சொன்னா மோட்டாரு எப்படிங்க ஓடும்? திணறாதா?"

"வாய்க்கா ஒடையுமே புள்ள" என்பார். அதற்கு மேல் வாதாடத் தெரியாத மனிதர்.

அவர் தலை மறைந்ததும் நான் போய் வால்வை முழுக்கத் திறந்து விடுவேன். ஒரு நாள் காலை அப்படித்தான் திறந்தேன். கரை உடைந்தது. மண்வெட்டியும் கையுமாக நான் அதை அடைத்துக்கொண்டிருக்கும்போதே மோட்டார் ரூமிலிருந்து வார்னிஷ் கருகும் நாற்றம். ஸ்டார்ட்டர் அடிக்கடி விழுகிறதென்று, சுமை கூடினால் மோட்டாரை நிறுத்தும் அதன் ரிலேயை ஊரே கடைசிவரை முறுக்கி வைத்திருந்த காலம் அது. அதனால் மோட்டார் தானாக நிற்கவும் இல்லை. உள்ளே கம்பி சுற்றிய காயில் எரிந்துபோனது.

மாமியாரிடம் தீர்ப்பு சொன்னது நான்தான். "வால்வ மூடி மூடியே கொன்னுட்டாக, அத்தை. நான் போயித் தொறக்குறதுக்குள்ள காயில் வெந்துருச்சு."

பஸ் கூரையில் ஏற்றித் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோன மோட்டார் ரீவைண்டிங் கடையில் ஏழு நாள் கிடந்தது. ஏழு நாளும் மாமியார் மகனுடன் ஒரு வார்த்தை பேசவில்லை; சோற்றுத் தட்டை மட்டும் நங்கென்று வைத்தார். கிழக்கு மூலையில் துளிர் சுருள ஆரம்பித்திருந்தது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். எனக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது, கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

மோட்டாரோடு, அது இழுக்கும் கரண்டைக் காட்டும் ஒரு ஆம்பியர் மீட்டரும் வேண்டுமென்று அடம்பிடித்து வாங்கினேன். கடைக்காரர் அதில் ஏழரையில் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தார். "இந்தக் கோட்டத் தாண்ட விடாதீக. இன்னொரு வாட்டி எரிஞ்சா எங்கிட்ட வராதீக, நேரா பழைய இரும்புக் கடைக்குப் போயிருங்க."

மீட்டர் மாட்டிய அன்று மாமியாரையும் கூட்டிப்போய் நிறுத்தினேன். கோடையில் இருபது அடி கீழேயிருந்து தூக்குகிறது, இப்போது கிணறு வாய்வரை தண்ணீர். தூக்கும் உயரம் குறைந்தால் வேலை குறைவு, வேலை குறைந்தால் கரண்ட் குறைவு. பரீட்சையில் இதற்கு முழு மார்க் வாங்கியவள் நான்.

"ஆறுதான் காட்டும் பாருங்க அத்தை" என்று சொல்லி, வால்வை முழுக்கத் திறந்துவைத்து மோட்டாரைப் போட்டேன். முள் எகிறிக் குதித்தது, இறங்கியது, பத்தில் நின்றது.

தட்டிப் பார்த்தேன். பத்து. "மீட்டரு கோளாறு" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, முள் தானாக இறங்கத் தொடங்கியது. ஒன்பது, எட்டு, ஏழு. வெளியே ஓடினேன். என் வீட்டுக்காரர் வால்வை நாலு சுற்று மூடி நிமிர்ந்துகொண்டிருந்தார்.

நான் திறந்தேன், பத்து. மூடினேன், ஏழு. மறுபடி திறந்தேன்.

"அதப் போட்டு ஏன் புள்ள திருகுற, கரை போயிரும்" என்றார்.

நாலாவது தடவை மூடும்போது எனக்குப் புரிந்துவிட்டது. நான் உயரத்தை மட்டும் கணக்குப் பார்த்தேன், தண்ணீரின் அளவைப் பார்க்கவில்லை. நிறைந்த கிணறும் திறந்த வால்வும் சேர்ந்தால் பம்பு ஒரே நேரத்தில் ஏகப்பட்ட தண்ணீரை அள்ளுகிறது. சுமை அதில்தான் இருக்கிறது. வால்வை மூடினால் மோட்டார் திணறவில்லை, சுமை குறைந்து ஆசுவாசமாக ஓடுகிறது. மோட்டாரைக் கொன்றது யார் என்பதில் இனிச் சந்தேகம் இல்லை. வெட்கத்தில் காது இரண்டும் சூடாகிவிட்டன.

மாமியார் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன். "அத்தை, மோட்டாரு எரிஞ்சது அவுக மூடுனதால இல்ல. நான் தொறந்ததால."

"அப்ப எம்மகன் கூட ஏழு நாளு நான் பேசாம இருந்தது?"

"என் கூடத்தான் பேசாம இருந்துருக்கணும்."

அவர் என்னை முறைத்தார், மகனைப் பார்த்தார், வீட்டுக்கு நடந்தார். எனக்கு வந்த கோபமெல்லாம் இப்போது என் வீட்டுக்காரர் மேல் திரும்பியது.

"அன்னைக்கு நான் தொறந்த பெறகுதான எரிஞ்சது? ஒரு வார்த்த திருப்பிக் கேட்டிருக்கலாம்ல? எதுக்கு அம்புட்டுப் பழியையும் வாங்கிக்கிட்டு இருந்தீக?"

அவர் நிஜமாகவே யோசித்தார்.

"நீ படிச்சவ. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும், நாமதான் எரிச்சுப்புட்டோம்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்தது. மீட்டரைப் பார்ப்பதுபோல் மோட்டார் ரூமுக்குள் போய்விட்டேன். முள் ஏழில் நின்றுகொண்டிருந்தது.