தானாக நின்ற கார்

1. ஒரு சொல், நாலு அர்த்தம்

பாரிசில், லாச்சப்பல் மெட்றோப் பாலத்துக்குக் கீழே ஒரு பாதசாரிக் கடவை இருக்கிறது. ஒரு பெண்மணி சில்லு வைத்த மரக்கறிப் பையை இழுத்தபடி அதில் கால் வைத்தார். பயிற்றுநர் இருக்கையில் இருந்த நான், “விடுங்கோ அண்ணை, விடுங்கோ” என்றேன். அவருக்கு வழி விடுங்கள் என்பதுதான் நான் சொன்னதன் பொருள். ஸ்டேரிங்கில் இருந்த குலம் அண்ணை அக்சிலரேட்டரை அமுக்கினார். கார் பாய்ந்தது.

பயிற்சிக் காரில் பயிற்றுநரின் காலடியிலும் பெடல்கள் உண்டு. என் பக்கத்துப் பிறேக்கையும் கிளச்சையும் ஒன்றாக மிதித்தேன். கார் கடவைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பெண்மணி எங்களைப் பார்த்துக் கையை விரித்துக் காட்டிவிட்டுப் பையை இழுத்துக்கொண்டு போனார்.

என்ன அண்ணை இது என்று கேட்டேன்.

“நீர்தானே விடு எண்டனீர். நான் விட்டனான்.”

அவர் மேல் பிழை இல்லை. ஊரில் அவர் பஸ் ‘விட்ட’ மனிதர். வண்டி விடுவது என்றால் ஓட்டுவது. வழி விடுவது என்றால் நிற்பது. கிளச்சை விடுவது என்றால் காலை எடுப்பது. ஒன்றும் சேர்க்காமல் “விடுங்கோ” என்றால், போனது போகட்டும் என்று அர்த்தம். ஒரு நொடிக்குள் இந்த நாலில் எதை எடுப்பது? அன்றே எங்கள் காருக்குள் அந்தச் சொல்லைத் தடை செய்தேன். நில்லுங்கோ, போங்கோ, காலை எடுங்கோ. இவ்வளவும் போதும்.

ஆனால் அன்று நான் செய்த பெரிய பிழை வேறு. நின்ற காரின் ஸ்டேரிங்கைத் தட்டிக்கொடுத்தபடி குலம் அண்ணை சொன்னார்: “இந்தக் காலத்துக் கார் பொல்லாத கார், தம்பி. தானாப் பிறேக் பிடிச்சிட்டுது.” நான் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

2. குலம் அண்ணையின் கையும் காலும்

குலம் அண்ணைக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. எனக்குப் பத்து வயது மூத்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு மினிபஸ் ஓட்டியவர். பாரிசுக்கு வந்த பிறகு இருபத்திரண்டு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினார். ஊர் லைசன்ஸ் இங்கே செல்லாது. புதிதாகப் படித்து, பெர்மி எனப்படும் பிரெஞ்சு லைசன்ஸ் எடுக்க நேரமும் வரவில்லை, மொழியும் வரவில்லை.

அவருடைய மனைவி பியர்ஃபித்தில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தார். அங்கே முதியவர்களை ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் ஏற்றிப்போக ஒன்பது இருக்கை வான் ஒன்று வாங்கியிருந்தார்கள். ஜூன் முடிவதற்குள் பெர்மி எடுத்தால் வேலை உங்கள் கணவருக்குத்தான் என்று அந்த இல்லத்தின் நிர்வாகி சொல்லியிருந்தார். கோட் எனப்படும் எழுத்துப் பரீட்சையை மூன்றாம் தடவையில் பாஸ் பண்ணிவிட்டுத்தான் குலம் அண்ணை என்னிடம் வந்தார். “இந்த வயசிலை எனக்கு இனி ஆர் ஸ்டேரிங் தரப்போகினம்? இதுதான் கடைசி” என்றார்.

கை நல்ல கை. பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாதபடி கியர் மாற்றுவார். காலில்தான் சிக்கல். ஆபத்து ஒன்றைக் கண்டால் அவருடைய பெருவிரல் முதலில் ஹோனுக்குப் போகும். கால் அக்சிலரேட்டரிலேயே காத்திருக்கும். “எங்கடை றோட்டிலை ஹோன்தான் முதல் பிறேக்” என்று அவரே சொன்னார்.

அந்தக் காத்திருப்பு நேரத்தில் என் கால் வேலையை முடித்துவிடும். இரண்டு பக்கத்துப் பிறேக்கும் இணைந்தவை. நான் மிதித்தால் அவருடைய பெடலும் தாழும். அதில் கால் வைத்திருந்தால்தானே தெரியும்? என் பெடல்களை முதல் நாளே அவருக்குக் காட்டியிருந்தேன். மிதித்தால் நான் வாய்விட்டுச் சொல்லுவேன் என்று அவர் நம்பியிருக்கிறார். எனக்கோ சொல்லக் கூச்சம். மூத்தவர், பஸ் ஓட்டியவர், “அண்ணை, இப்ப நான்தான் பிடிச்சனான்” என்று எப்படிச் சொல்வது? அவர் காரைப் புகழ்வார். நான் பல்லைக் காட்டுவேன்.

3. கொப்பியில் எழுதியவை

படிக்க வருபவர்கள் சொல்லும் வார்த்தைகளை எழுதிவைக்க நான் ஒரு கொப்பி வைத்திருந்தேன். கைநூலில் ஒரு பக்கம் எடுக்கும் விஷயத்தை அவர்கள் ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள்.

சீற் பெல்ட்டை மெல்ல இழுத்தால் வரும், வெடுக்கென்று இழுத்தால் இறுகிவிடும். திடீர் அதிர்வில் உள்ளே இருக்கும் சுருள் பூட்டிக்கொள்வதுதான் அதன் வேலை. சேலைக் கடை வைத்திருந்த ஓர் அக்கா இதை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, “தன்மையாக் கேட்டால் தரும், பறிச்சால் தராது. என்ரை மாமியார்தான்” என்றார்.

எயார்பேக்கைப் பற்றிச் சொன்னவர் ஒரு தபால் ஊழியர், பாண்டிச்சேரிக்காரர். பெல்ட் போட்டு, சரியான தூரத்தில் இருப்பவரைத் தாங்கத்தான் அது செய்யப்பட்டது. பெல்ட் இல்லாமல் முன்னுக்குப் பாய்கிறவரின் முகத்தில் அது முழு வேகத்தில் விரியும். “அப்போ பெல்ட் போடலைன்னா, அறைய ஆள் வச்சிருக்கோம்னு அர்த்தம்” என்றார் அவர்.

இருக்கையின் தலைத் தாங்கியை என்னத்துக்கு உயர்த்திச் சரிபார்க்க வேண்டும் என்று குலம் அண்ணையிடம் கேட்டேன். “பின்னாலை ஒருத்தன் இடிச்சால் உடம்பு முன்னுக்குப் போகும், தலை பிந்தி நிக்கும். கழுத்துத்தான் நடுவிலை மாட்டுப்படும்” என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

4. பொபினியில் ஒரு காலை

ஓட்டுப் பரீட்சை பாரிசுக்குப் பக்கத்துப் பொபினியில். இங்கே பரீட்சையின்போது என் இருக்கையில் இன்ஸ்பெக்டர் இருப்பார். நான் பின்னால். வாயைத் திறக்கக் கூடாது. இன்ஸ்பெக்டர் தன் பெடலைத் தொட வேண்டி வந்தால், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கதை முடிந்தது.

அன்று வந்தவர் ஒரு பெண். அமைதியானவர். குலம் அண்ணை அருமையாக ஓட்டினார். கண்ணாடி பார்த்தார், சிக்னல் போட்டார், நெடுஞ்சாலையில் தயங்காமல் ஏறினார். திரும்பி வரும்போது ட்ராம் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில், நிறுத்தியிருந்த வானுக்குப் பின்னாலிருந்து ஒருவர் கடவையில் இறங்கினார். குலம் அண்ணையின் பெருவிரல் ஹோனுக்குப் போவதைப் பின்னாலிருந்து கண்டேன். கால் அசையவில்லை. கார் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. மிதித்தது இன்ஸ்பெக்டர் அம்மாவின் கால்.

குலம் அண்ணை அவர் பக்கம் திரும்பிப் புன்னகைத்து, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், நல்ல கார், மடாம் என்றார். அந்த அம்மா அவரை ஒருதரம் பார்த்தார், என்னைக் கண்ணாடியில் பார்த்தார், பிறகு தன் டப்லெட் திரையில் எதையோ எழுதினார். முடிவை அந்த இடத்திலேயே சொல்லும் வழக்கம் இல்லை. இரண்டு நாள் கழித்து இணையத்தில் வரும்.

5. றோல்ஸும் பிளேன்ரீயும்

குலம் அண்ணை என்னை நேரே லாச்சப்பலுக்குக் கூட்டிப்போய், ஒரு தேநீர்க் கடையில் றோல்ஸும் பால் இல்லாத பிளேன்ரீயும் சொன்னார். கடைக்காரரிடம் பெர்மி எடுத்தாச்சு என்றார். பக்கத்து மேசைக்காரர் கை கொடுத்தார். மனைவிக்குப் போன் எடுக்க அவர் பையில் கைவைத்தபோதுதான் எனக்கு வாய் திறந்தது.

“அண்ணை, எடுக்காதேங்கோ. கார் தானாப் பிடிக்கேல்லை. அந்த அம்மா பிடிச்சவ.”

“அப்ப இதுக்கு முன்னம்?”

“நான்.”

“எத்தினை தரம்?”

எண்ணவில்லை என்றேன். கார் தானாகப் பிடிக்கும் வசதி அந்தக் காரில் உண்மையாகவே இருந்தது. நடுக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கமரா, முன்பக்கத்தில் ஒரு ராடர். மோதப்போகிறது என்று கணக்கு வந்தால் முதலில் பீப் என்று கத்தும், சிவப்பு வெளிச்சம் போடும், சாரதி அசையாவிட்டால் கடைசி நொடியில் பிறேக்கை இறுக்கும். எதிர்வெயிலிலும் மழையிலும் கண்ணாடி அழுக்கிலும் அது ஆளைத் தவறவிடலாம். அதைச் சொல்லி, பீப் சத்தம் ஒருநாளாவது கேட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். என் கால் அதற்கும் முந்திக்கொண்டதால், அந்தக் கமராவுக்கு என்னிடம் ஒருநாளும் வேலை கிடைக்கவில்லை.

அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

“இவ்வளவு நாளும் இரண்டு பேர் ஓடின காரை நான் தனிய ஓடினன் எண்டு நினைச்சிருக்கிறன்” என்றார். பிறகு சொன்னார்: “நீர் எனக்கு மரியாதை தந்தனீர், தம்பி. எனக்கு அது வேண்டாம். எனக்கு அந்த வான் வேணும்.”

6. ‘நான்’

அன்றிலிருந்து ஒரு விதி வைத்தோம். என் கால் பிறேக்கைத் தொட்டால், தொட்ட நொடியிலேயே “நான்” என்று உரத்துச் சொல்ல வேண்டும். காரணமும் விளக்கமும் பிறகு.

முதல் நாள் ஒரு மணித்தியாலத்தில் பதினொரு தரம் சொன்னேன். இறங்கும்போது குலம் அண்ணை, “நீர் இண்டைக்கு முழுக்க உம்மைப் பற்றியே கதைக்கிறீர்” என்றார்.

ஒரு ஞாயிறு காலை ஓல்னே என்ற புறநகரில், அனுமதி கேட்டு வாங்கிய ஒரு வெறும் வாகனத் தரிப்பிடத்துக்குப் போனோம். மழை பெய்து ஈரமாக இருந்தது. ஒரு கோட்டைக் காட்டி, அதைத் தாண்டாமல் நிற்க முழுப் பலத்தோடு பிறேக் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். பெடல் கடகடவென்று அதிர்ந்தது. உடனே காலைத் தூக்கிவிட்டார். கார் உருண்டுகொண்டே அந்தக் கோட்டைத் தாண்டியது.

“பெடல் என்னைத் திருப்பி உதைக்குது. ஏதோ உடைஞ்சிட்டுது” என்றார்.

உடையவில்லை, அதுதான் ஏபிஎஸ் என்றேன். சில்லு சுற்றாமல் இறுகினால் கார் வழுக்கும், ஸ்டேரிங் சொல் கேட்காது. அதனால் அது ஒவ்வொரு சில்லையும் நொடிக்குப் பலமுறை பிடித்துத் தளர்த்துகிறது. அந்த அதிர்வுதான் காலுக்கு வருகிறது. காலை எடுத்தால் வேலையை நிறுத்து என்று அதற்குச் சொன்ன மாதிரி. மினிபஸ்ஸில், ஈரத் தெருவில், காலால் விட்டுவிட்டுப் பம்ப் பண்ணித்தான் நிறுத்துவாராம். “அப்ப நான் அந்த நாளிலை காலாலை செய்ததை இப்ப இது தன்ரை பாட்டிலை செய்யுது. நானும் சேர்ந்து செய்தால்தான் குழப்பம்” என்றார். கொப்பியின் முதல் பக்கத்து ஓரத்தில் அதை எழுதினேன், இப்போதும் இருக்கிறது.

அடுத்த தடவை நான் இருக்கையில் சம்மணம் கட்டிக்கொண்டேன். தெருவில் அப்படிச் செய்யக் கூடாது. அந்த வெறும் இடத்தில், என் கால் இல்லை என்று அவர் கண்ணால் காண வேண்டும். அவர் பிடித்தார், பெடல் அதிர்ந்தது, கால் அசையவில்லை. கோட்டுக்கு உள்ளேயே நின்றது. இன்னும் ஒருக்கால் என்றார். ஒன்பது தரம் செய்தோம். எனக்குக் கால் விறைத்துவிட்டது.

கடைசி வாரத்தில் ஒரு தரமும் “நான்” என்று சொல்ல வேண்டி வரவில்லை.

7. இன்ஸ்பெக்டரின் சப்பாத்து

ஜூன் மூன்றாம் வாரத்தில், காய்ச்சலில் படுத்துவிட்ட ஒருவரின் பரீட்சை இடம் கிடைத்தது. இதைத் தவறவிட்டால் வான் வேறொருவருக்கு. மறுபடியும் பொபினி. இன்ஸ்பெக்டர் வேறு, ஒரு வயதான மனிதர். மழை.

பாதி வழியில், நின்றிருந்த பஸ்ஸுக்கு முன்னாலிருந்து, குடையை முகத்துக்கு நேரே பிடித்தபடி ஒரு பையன் பாதையில் இறங்கினான். நான் பின்னாலிருந்து இன்ஸ்பெக்டரின் கறுப்புச் சப்பாத்தைத்தான் பார்த்தேன். அது எழும்பியது. பெடலுக்கு மேலே நின்றது. அதற்குள் கார் கடகடவென்று அதிர்ந்து நின்றுவிட்டது. சப்பாத்து பெடலைத் தொடாமலே தரைக்குத் திரும்பியது. பையன் குடையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு ஓடினான். குலம் அண்ணையின் இரண்டு கையும் ஸ்டேரிங்கில் இருந்தன. ஹோன் அடிக்கவே இல்லை.

இரண்டாம் நாள் காலை போன் வந்தது. குலம் அண்ணைதான் எடுத்திருந்தார். அவர் சொல்லத் தொடங்குமுன்பே, பெர்மி கிடைத்துவிட்டது என்று பின்னால் மனைவி யாருக்கோ இன்னொரு போனில் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. அதிலிருந்தே விளங்கிக்கொண்டேன்.

இப்போது இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். காரில் எத்தனை பாதுகாப்பு வசதி இருந்தாலும், எது எப்போது வேலை செய்தது என்பதை ஸ்டேரிங்கில் இருப்பவர் அறிந்திருக்க வேண்டும். அறியாவிட்டால் உதவி செய்த அதுவே அவரை ஏமாற்றிவிடும். கமராவுக்கும் இது பொருந்தும், உங்கள் காலுக்கும் பொருந்தும். மூத்தவர் என்று கூச்சப்பட்டு மறைத்தால், ஏமாற்றுவது நீங்கள்தான்.

செப்டெம்பரில் ஒருநாள் எங்கள் ஓட்டுநர் பள்ளி வாசலில் ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. உள்ளே ஏழு முதியவர்கள், எல்லோரும் பெல்ட்டோடு. கோயில் தேர் பார்த்துவிட்டு வருகிறார்களாம், மடிகளில் பிரசாதப் பை. பின்கதவில் வட்டமான சிவப்பு ‘A’ ஸ்டிக்கர். புதிதாகப் பெர்மி எடுத்தவர்கள் ஓட்டும் வாகனத்தில் அது இருக்க வேண்டும். பிரெஞ்சில் அப்படிப்பட்டவருக்கு ‘இளம் சாரதி’ என்றுதான் பெயர்.

குலம் அண்ணை இறங்கி வந்து அதைக் கைக்குட்டையால் துடைத்தார். முன்னிருக்கையில் இருந்த தொண்ணூறு வயது மூதாட்டி ஒவ்வொரு நாளும், இந்த இளைஞனுக்குக் கவனமாக ஓட்டத் தெரியுமா என்று மற்றவர்களைக் கேட்டுச் சிரிப்பாராம். மூன்று வருடம் இப்படி ஒட்டிக்கொண்டு திரிய வேண்டும், அலுப்பாக இல்லையா என்று நான் கேட்டேன்.

“அம்பத்தாறு வயசிலை இளம் சாரதி எண்டு அரசாங்கமே எழுதித் தந்திருக்கு. மூண்டு வருசம் முடிஞ்சாலும் நான் உரிக்கமாட்டன், தம்பி” என்றார்.