கமாண்டரின் முழங்கால்

நான். என் வீட்டுக்காரி. எங்கள் டேங்க் கமாண்டரின் மகள், திருநின்றவூரிலிருந்து. அவள் புருஷன், போனிலிருந்து டிவிக்குப் படம் ஏற்றத் தெரிந்தவர். ஞாயிறு காலை பத்து மணி. வெள்ளானூரில் என் வீட்டு முன்னறை.

போன வருஷம் ஒரு படக் கம்பெனியிலிருந்து வந்து, நாங்கள் சண்டை போட்ட போரைப் பற்றிப் படம் எடுத்தார்கள். எங்கள் டேங்க்கில் போனது நாலு பேர். படம் எடுக்க வந்தபோது உயிரோடு இருந்தது இரண்டு பேர். கமாண்டரும், பீரங்கி சுட்ட நானும். என்னிடம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். அவரிடம் தனியாக ஒரு மணி நேரம். நாலு மாதம் கழித்து அவர் போய்விட்டார்.

மகளிடம் போட்டோ நிறைய இருக்கிறது. குரல் இல்லை. அவள் கல்யாண வீடியோவில் அவர் வாய் அசையும், நாதஸ்வரம்தான் கேட்கும். இந்தப் படத்தில் அவர் பேசுவதைப் போட்டிருப்பார்களா, வெட்டியிருப்பார்களா, யாருக்கும் தெரியாது. தனியாகப் பார்க்க பயமாக இருக்கிறது என்று இங்கே வந்துவிட்டாள்.

படம் ஆரம்பித்தது. மணல். வரிசையாக டேங்க். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு நடிகர் கமாண்டர் வேஷத்தில், "சுடு!" என்று கத்தினார். பின்னால் வயலின்.

"பொய்," என்றேன்.

"இன்னா பொய்?" என்றாள் வீட்டுக்காரி.

"உள்ள ஒண்ணும் கேக்காது. ஹெட்போனு ஒயரு அறுந்துபோச்சு. கமாண்டர் சாப் என் பின்னாடி குந்திகினு இருப்பாரு. முழங்காலால முதுகுல ஒரு இடி உட்டா சுடணும். அதான் ஆர்டரு."

"ஐம்பது வருஷமா எங்கிட்ட சொல்லல. இப்ப டிவிகிட்ட சொல்றான் பாரு," என்றாள் மகளிடம்.

அடுத்து என் முகம் வந்தது. பயமாக இருந்ததா என்று கேட்டார்கள். "இல்ல. சூடு," என்றேன் படத்தில். அத்தோடு என்னை முடித்துவிட்டார்கள்.

வீட்டுக்காரி சிரித்துச் சிரித்து இருமினாள். "ஒரு மணி நேரம் பேசினேன்ன. ரெண்டு வார்த்தைதான் கீது!"

மகள் சிரிக்கவில்லை. மேப் வந்தது, பெரிய ஆபீசர்கள் வந்தார்கள், அம்புக்குறி போட்டு விளக்கினார்கள். அவள் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அவள் புருஷன் ரிமோட்டை அழுத்திப் பார்த்தார். பாக்கி ஆறு நிமிஷம்.

"வெட்டிட்டாங்க சித்தப்பா."

"இரும்மா. இன்னும் கீது."

அப்போது ஒரு இருமல். ஆள் வரும் முன்னே இருமல் வந்தது. அவருடையதுதான். அவள் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

கமாண்டர் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார்.

"அவங்க டேங்கு எதுக்கால வந்து நின்னுச்சு. நான் ஆர்டரு குடுக்கல சார். காலு நடுங்கிச்சு. முட்டி போயி அவன் முதுகுல இடிச்சிச்சு. அவன் சுட்டுட்டான். பொழச்சிகினோம். ஷாபாஷ் மட்டும் எனக்கு."

சிரித்தார். படம் வேறு ஆளுக்குப் போய்விட்டது.

நான் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். "யோவ் சாப்!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன். இத்தனை வருஷம் அதை ஆர்டர் என்றே நினைத்திருந்தேன். அவரும் சொல்லவில்லை. எத்தனையோ கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டிருக்கிறோம்.

"அப்ப அவரு நடுங்கினதுக்கா நீ சுட்ட?" என்றாள் வீட்டுக்காரி.

"நடுங்கலைன்னா நீ வேற எவனையாவது கட்டிகினு இருப்ப."

"நல்லவனா கெடச்சிருப்பான்."

மகள் திரும்பவே இல்லை. "இன்னொரு வாட்டி போடுங்க," என்றாள்.

அவள் புருஷன் பின்னால் இழுத்துப் போட்டார். இருமல். கால் நடுக்கம். சிரிப்பு. "இன்னொரு வாட்டி." வீட்டுக்காரி காபி போடப் போனவள், இருமல் கேட்டதும் பாலை அடுப்பில் விட்டு ஓடி வந்தாள். பால் பொங்கி வழிந்தது. யாரும் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் மகளும் கூடவே சொல்ல ஆரம்பித்தாள், அவரை மாதிரியே இழுத்து. பிறகு நாங்களும். "ஷாபாஷ் மட்டும் எனக்கு" என்ற இடத்தில் நாலு பேரும் ஒன்றாகக் கத்தினோம். பக்கத்து வீட்டில் கிரிக்கெட் என்று நினைத்திருப்பார்கள்.

நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

பத்தொன்பது தடவை.