திட்டாமல் இருந்த மூன்று வாரம்

கறி தொடாமல் இருக்கும் சுத்தபோசனம் எனக்குப் பெரிய தியாகமே இல்லை. சின்னக்கானலில் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் கறி வேகிறதே பண்டிகைக்குத்தான். அதனால் ஈஸ்டருக்கு முந்தின இந்தத் தபசுகாலத்துக்கு நானே ஓர் ஒறுத்தல் கண்டுபிடித்தேன்: பக்கத்து வீட்டு மாரியைத் திட்டுவதில்லை.

அவள் கோழி என் கீரைப்பாத்தியைக் கிளறும். நான் திட்டுவேன், அவளும் திருப்பித் திட்டுவாள். சத்தம் துரை பங்களா வரை கேட்கும். பிறகு சேர்ந்தே கொழுந்து கிள்ளப் போவோம்.

தபசுகாலம் தொடங்கிய விபூதிப் புதனோடு திட்டை விட்டேன். திட்டாமல் அவளிடம் பேச எனக்குத் தெரியாது, அதனால் பேச்சே நின்றுபோனது. மாரியின் முகம் வாடியதைப் பார்த்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இன்று வெள்ளிக்கிழமை, கறி தொடக்கூடாத நாள். வேலை விட்டு வந்தால், மாரி ஒரு கிண்ணத்தோடு வாசலில் நிற்கிறாள்.

“எக்கா, என்கூடப் பேசாம இருக்காதீக. அந்தக் கோழிய அறுத்துட்டேன். உங்களுக்குத்தான் மொதல்ல கொண்டாந்தேன்.”

அவளிடம் இருந்ததே அந்த ஒரு கோழிதான்.

“அடி கூறுகெட்டவளே! முட்டை இடுற கோழிய எவளாவது அறுப்பாளா?” என்று கத்திவிட்டேன்.

மாரி சிரித்தாள். “அப்பாடா, திட்டிட்டீக! சாப்பிடுங்க.”

சாப்பிட்டேன். எலும்பைக்கூட விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனம். திட்டியதையும் கறி தின்றதையும் சாமியாரிடம் சொல்லிவிடுவேன். வாயை மூடிக்கொண்டிருந்த அந்த மூன்று வாரத்தை என்ன பாவம் என்று சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.