ஊசிவால் வாத்துகளை எண்ணுகிறவள்

வலது கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டால்தான் அவளுக்கு எண்ணவே வரும். அழுத்த அழுத்த எண் கூடுகிற அந்தச் சின்னக் கருவியின் பொத்தான், உறை போட்ட கட்டைவிரலுக்கு வழுக்கும். மேலதிகாரி இரண்டு முறை எச்சரித்தாயிற்று. இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டாள். பறவைகள் சரணாலயத்தில் ஒன்பது வருடக் காவல் வேலை; ஏரியில் எது எங்கே மேயும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

குளிர் குறையத் தொடங்கியதும் ஊசிவால் வாத்துகளுக்கு இருப்புக் கொள்ளாது. வடக்கே போகுமுன் மூக்கு முட்டத் தின்னும்; கூட்டமாக எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி இறங்கும். "எங்க வீட்டுக்காரர் மாதிரிதான். கிளம்பிட்டேன்னு சொல்லிட்டு நாலு தடவை திரும்பி வரும்" என்பாள். கணவர் பேருந்து ஓட்டுநர்.

இந்த வாரம் கேலி எதுவும் இல்லை. திங்கட்கிழமை காலை நாணல் ஓரத்தில் ஐந்து வாத்துகள் செத்துக் கிடந்தன. பதற்றத்தில், எண்ணிக்கொண்டிருந்த கையாலேயே ஒன்றைத் தூக்கிப் புரட்டிவிட்டாள். கழுத்து துவண்டது. அலகிலிருந்து வடிந்த நீர் விரலிடுக்கில் இறங்கியபோதுதான் செய்த காரியம் புரிந்தது. பறவைக் காய்ச்சலா என்று பார்க்க மாதிரி எடுக்க வந்த கால்நடை மருத்துவர், யாராவது வெறுங்கையால் தொட்டீர்களா என்று கேட்டார். பக்கத்தில் மேலதிகாரி நின்றிருந்தார். அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

அன்றிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. எட்டு மாதக் குழந்தையை நாத்தனார் பார்த்துக்கொள்கிறாள். வாத்துகள் கிளம்பும் நேரம், வேலை தலைக்கு மேல் என்று கணவரிடம் போனில் அளந்துவிட்டாள். கண்காணிப்புக் கோபுரத்தின் கீழ் அறையில் தங்கி, சோப்பு கரையக் கரையக் கை கழுவுகிறாள். மணிக்கொரு தரம் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். தொண்டை லேசாகக் கரகரத்தாலும் கண்ணாடி முன் போய் வாயைத் திறந்து பார்க்கிறாள். நூறைத் தாண்டினால் எண்ணிக்கை தவறிவிடுகிறது.

வெள்ளிக்கிழமை காலை மருத்துவர் அழைத்தார். பறவைக் காய்ச்சலேதான். போனை வைக்கவும் வாசலில் கணவரின் குரல் கேட்கவும் சரியாக இருந்தது. அழுது அழுது பிள்ளைக்குத் தொண்டை கட்டிவிட்டது, ஒரு தடவை தூக்கினால் போதும் என்றார். அம்மாவைக் கண்டதும் அவர் தோளிலிருந்த குழந்தை இரண்டு கைகளையும் நீட்டி முன்னால் சாய்ந்தது.

"கிட்ட வராதீங்க. செத்த வாத்தை வெறுங்கையில தொட்டுட்டேன். டாக்டர்கிட்ட மறைச்சிட்டேன்."

அவர் குழந்தையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இப்பவே டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லு. என் காது கேக்கச் சொல்லு."

சரியென்று தலையசைத்தாள். குழந்தை வீறிட்டது. அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தோளால் இரும்புக் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.