நான்கையும் ஐந்தையும் இணைத்த கம்பி

எண்பதுகளின் கடைசியில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்தத் துணிக்கடையில் நான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். அதாவது, ரிப்பேர் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவும் ஒரு சால்டரிங் அயர்னும் தலை கொள்ளாத கர்வமும் என்னிடம் இருந்தன. குமாரபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு பெண், லாரியில் ஏற்றிய துணிக்கட்டுகளின் பட்டியலை டைப் செய்வாள். மாலையில் அது மோடம் வழியாக, டெலிபோன் லைனில், மெட்ராஸ் ஆபீசுக்குப் போகும்.

அவள் தறிக்காரர் வீட்டுப் பெண். பவானியில் ஒரு மாப்பிள்ளையைப் பேசி வைத்திருந்தார்கள். அவளுக்கு அவனைப் பிடிக்கவில்லை. "இந்த வேல இருக்கறதுனாலதானுங்ண்ணா தள்ளிப்போட்டுட்டு இருக்கேன். போச்சுன்னா அடுத்த முகூர்த்தமே முடிச்சுப்போடுவாங்க" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஒரு நாள் கம்ப்யூட்டரையும் மோடத்தையும் இணைக்கும் கேபிளை எலி கடித்துவிட்டது. புதிது வேண்டுமென்றால் மெட்ராஸுக்கு எழுதிக் காத்திருக்க வேண்டும். எனக்கு ஏது அத்தனை பொறுமை. பக்கத்து எலெக்ட்ரிக் கடையில் மூன்று கம்பி ஒயர் வாங்கினேன். அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, எர்த்துக்கு ஒன்று. அது போதும் என்று நினைத்தேன்.

போதவில்லை. கேபிளின் கனெக்டரில் வரிசையாகச் சின்ன ஊசிகள் உண்டு, பின் என்போம். கம்ப்யூட்டர் நான்காவது பின்னில் 'அனுப்பட்டுமா' என்று கேட்கும். மோடம் ஐந்தாவது பின்னில் பதில் சொல்லும். அங்கே மின்னழுத்தம் பிளஸில் இருந்தால் அனுப்பலாம், மைனஸுக்குப் போனால் நிறுத்த வேண்டும். கம்ப்யூட்டர் வேகமாகக் கொட்டும், டெலிபோன் லைன் மெதுவாகத்தான் இழுக்கும். லைனில் இரைச்சல் வந்தால் மோடம் அனுப்பியதையே மறுபடி அனுப்பும். அதுவரை வருவதைத் தன்னிடமுள்ள சின்ன இடத்தில் பிடித்து வைக்கும். அது நிரம்பப் போகிறது என்றால் ஐந்தாவது பின் மைனஸுக்குப் போகும். அதற்குமேல் கொட்டினால் எழுத்துகள் போன இடம் தெரியாது.

என் மூன்று கம்பியில் அந்தப் பதிலுக்கு வழியில்லை. பதில் வராததால் கம்ப்யூட்டர் அனுப்ப மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. நான் சேந்தமங்கலத்துக்காரன். எங்கள் தோட்டத்தில் ஸ்டார்ட்டர் அடிக்கடி விழுந்து மோட்டார் நின்றுபோனால், அதில் ஒரு மரக்குச்சியைச் செருகிவிட்டு மடை திருப்பப் போய்விடுவோம். ஏன் விழுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அதே புத்திதான் இங்கேயும் வேலை செய்தது. கனெக்டருக்குள் நான்கையும் ஐந்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டேன். இனி கம்ப்யூட்டர் கேட்கும் கேள்வியே அதற்குப் பதிலாகத் திரும்பி வரும், மோடம் என்ன சொன்னாலும் சரி. பட்டியல் போனது. கடை மேனேஜர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மழைக்காலம் வந்து லைனில் இரைச்சல் கூடியது. பட்டியலில் மூன்று வரி குறைகிறது என்று மெட்ராஸிலிருந்து போன் வந்தது. அடுத்த வாரம் ஐந்து வரி.

"ஏன் அம்மணி, நெனப்பெல்லாம் எங்க இருக்குது?" என்றார் மேனேஜர்.

"எல்லாமே அடிச்சனுங்க. இதா பிரிண்ட்டுங்க."

"போன் வந்தப்பறம் சேத்தி அடிச்சிருப்ப."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்ண்ணா."

"மிஷின்ல கோளாறு இல்லீங்க" என்றேன். அப்போது அதை நம்பித்தான் சொன்னேன்.

மூன்றாம் முறை வரி குறைந்தபோது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேனேஜர் அவளிடம் சொல்லிவிட்டார்.

மறுநாள் பட்டியலை நானே அடித்து நானே அனுப்பினேன். மோடத்தின் முகப்பில் ஐந்தாவது பின்னுக்கென்று ஒரு சின்ன விளக்கு உண்டு. பாதியில் அது அணைந்தது. திரையில் எழுத்துகளின் எண்ணிக்கை நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்ததும் புரிந்துவிட்டது. மோடம் நிறுத்தச் சொல்கிறது, என் துண்டுக் கம்பியால் அது கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரவில்லை. துண்டுக் கம்பியைப் பிடுங்கி எறிந்தேன். இன்னும் கம்பிகள் இழுத்து ஒவ்வொரு பின்னையும் முறையாகப் பற்றவைத்து, பட்டியலை மறுபடி அனுப்பினேன். ஒரு வரி குறையாமல் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் ஒரு நாளும் குறையவில்லை.

மேனேஜரிடம் சொல்லத் தினமும் நினைத்தேன். தினமும் சாப்பிட்டேன், தூங்கினேன், சொல்லவில்லை. என் வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறென்ன.

தை பிறந்ததும் அவள் கல்யாணப் பத்திரிகையோடு கடைக்கு வந்தாள். பவானி மாப்பிள்ளைதான். மேனேஜர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொல்லி காப்பி வரவழைத்தார். பேச்சோடு பேச்சாக, "நீ போனப்பறம் ஒரு லைன்கூட உட்டுப்போகலெ அம்மணி" என்றார்.

அவள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப நாந்தானுங்க உட்டிருக்கோணும்" என்றாள். "எல்லாம் அடிச்சேன்னே நெனச்சிட்டிருந்தேன்."

பிறகு எனக்கும் ஒரு பத்திரிகை நீட்டினாள். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "கண்டிப்பா வாரேன்" என்றேன்.