இரண்டாம் கரண்டி

எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் சோறு போடுகிறவரை எல்லோரும் ‘கரண்டி அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். நான் அங்கே காய் நறுக்குகிறவள். தட்டில் குவியல் இல்லாவிட்டால் அதைச் சாப்பாடு என்றே அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார். அப்படி ஒரு தாராளக் கை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்காரருக்கு ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னார். அக்கா குறைக்கவில்லை, ஒழித்தே விட்டார். எண்ணெய் போச்சு, முட்டை போச்சு, கடலை போச்சு. மனுஷர் பசியோடு எழுந்து போவதைப் பார்க்க மனசு கேட்காமல், சோற்றைக் கூட்டினார். அவரும் அதிகம் பேசுகிறவர் இல்லை. இன்னும் வேண்டுமென்றால் தட்டின் ஓரத்தில் விரலால் இரண்டு தட்டு தட்டுவார். உடனே இரண்டாம் கரண்டி விழும். சில நாள் மூன்றாவதும்.

சர்க்கரை ஏறியது யாருக்கும் தெரியவில்லை. ஒரு மத்தியானம் கை கழுவ எழுந்தவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் எல்லாம் கேட்டுவிட்டு, “எண்ணெயைத்தானேம்மா குறைக்கச் சொன்னாங்க? அந்த இடத்துல சோத்தை ஏத்தச் சொல்லலையே,” என்றாராம். திட்டியிருந்தால்கூட அக்காவுக்கு ஆறியிருக்கும். நான்காம் நாள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். மாரடைப்பு என்று சொந்தக்காரர்கள் பேசி முடித்தார்கள். அக்கா அவர்களிடம் மறுத்துப் பேசவில்லை, பிற்பாடு என்னிடம் மட்டும்தான் சொன்னார்.

அன்றிலிருந்து அவருக்கு அந்தத் தட்டல் கேட்கிறது. பாத்திரம் கழுவும்போது, வரிசையில் நூறு பேர் சத்தம் போடும்போது. “உனக்குக் கேட்டுச்சாடி?” என்று என்னைப் பார்ப்பார். இல்லை என்பேன். ஆனால் நானும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வேன், பொய் சொல்வானேன்.

போன மாதம் அவர் கொழுந்தன் எங்கள் பட்டறையில் வெல்டராகச் சேர்ந்தார். அண்ணனை உரித்து வைத்த முகம். அக்காவுக்கு மிச்சமிருக்கும் ஒரே சொந்தம் அவர் குடும்பம்தான். முதல் நாளே தட்டை நீட்டி, “அண்ணி, எனக்கும் கொழுப்பாம். எண்ணெய் பட்டது எதுவும் வேணாம். சோத்தை மட்டும் நல்லா அள்ளிப் போடுங்க,” என்றார்.

அக்காவின் கை பாதியில் நின்றது. எனக்குப் பயமாக இருந்தது, நடந்ததைச் சொன்னால் இந்த உறவும் போய்விடும் என்று.

“உங்க அண்ணனுக்கும் இப்படித்தான் அள்ளிப் போட்டேன் தம்பி. அதுலதான் சர்க்கரை ஏறிச்சு. நம்ம சொந்தத்துல யாருக்கும் நான் சொல்லல.”

அக்கா தட்டில் பாதிக்குக் காயும் கீரையும் வைத்தார். கால் பங்கு சோறு, பருப்பு, ஒரு முட்டை. காயில் ஒரு ஸ்பூன் எண்ணெய் இருந்தது. “எண்ணெயும் உடம்புக்கு வேணும் தம்பி. அளவுதான் முக்கியம். எதையும் அடியோட நிறுத்திட்டு இன்னொண்ணைக் குவிக்கக் கூடாது.”

கொழுந்தன் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. முன்பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார். தட்டு காலியானதும் சோற்றுப் பாத்திரத்தைப் பார்த்தபடி, ஓரத்தில் விரலால் இரண்டு தட்டு தட்டினார்.

இந்தத் தடவை எனக்கும் கேட்டது.

அக்கா வெளிறிப்போனார். பழக்கத்தில் கரண்டி சோற்றுக்குள் போய்விட்டது. பிறகு மெல்ல அதை எடுத்துக் கீழே வைத்தார். கொழுந்தனை அல்ல, அவர் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார்.

“போதுங்க,” என்றார்.